சுடுநீர் கேட்ட விதை

"இது செத்த விதை, சுவாமி. எத்தினை நாளைக்கெண்டு தண்ணி ஊத்துறது?"

இப்படிச் சொன்னவர் மன்னார் மாவட்டத்தின் அடம்பன் பகுதியில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நாற்பது வருடங்களுக்கு மேலாக வயல் செய்த ஒரு கமக்காரர். விதையைப் பற்றி அவர் ஒரு தீர்ப்புச் சொன்னால் அதை மறுத்துப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. குருமடத்திலே எனக்கு மெய்யியலும் இறையியலும் படிப்பித்தார்கள். விதை பார்க்கப் படிப்பித்தவர்கள் இவரைப் போன்ற மனிதர்கள்தான். ஆனால் அன்று அவருடைய தீர்ப்புப் பிழைத்துவிட்டது. அது எப்படிப் பிழைத்தது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

இது நடந்த இடம் அடம்பன் அல்ல. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக்கு மேற்கே, நம்மவர்கள் பலர் குடியிருக்கும் வென்ற்வேர்த்வில் என்னும் இடம். 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு படிப்பின் நிமித்தம் சில மாதங்கள் நான் சிட்னியில் தங்கியிருந்தேன். ஐயாவும் அவருடைய மனைவியும் தங்கள் மகளுடன் அங்கு வசித்து வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டில் மதிய உணவு என்பது எனக்கு எழுதப்படாத ஒழுங்காயிற்று. அவர்களுடைய பின்வளவு நம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பும் வராது. அதற்குள்ளே கறிவேப்பிலை ஒரு பெரிய சட்டியில், கத்தரி நாலு, பச்சைமிளகாய் ஆறு, ஒரு மூலையில் வல்லாரை. குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் சட்டியை இரவிலே வீட்டுக்குள் தூக்கி வைப்பதும் காலையில் வெயிலுக்கு எடுத்து வைப்பதும் ஐயாவின் முதல் அலுவல்.

ஓகஸ்ட் மாதத்தில் நான் முதன்முறை அங்கு போனபோது, பக்கத்து வீட்டு வேலி முழுவதும் ஊதா நிறமாய் இருந்தது. அங்கே ஓகஸ்ட் என்பது குளிர்காலத்தின் கடைசி மாதம். வேறு மரங்கள் இலை உதிர்ந்தும் உறங்கியும் நிற்கும் அந்நேரத்தில் இந்த ஒரு கொடி மட்டும் இலை தெரியாமல் பூத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பூ ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் அளவே வரும். பயற்றம் பூவை நன்றாகச் சிறுப்பித்து, கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போன்ற தோற்றம். மேலிதழின் அடியிலே பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இரண்டு பொட்டு. தேனீக்கள் மொய்த்தன.

"இது எங்கட பயத்தங்கொடிச் சாதி எண்டு பாத்த உடனேயே எனக்கு விளங்கிட்டுது" என்றார் ஐயா. சரியாகத்தான் சொன்னார். அது அவரைக் குடும்பத்துக் கொடிதான்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் ஹார்டன்பேர்ஜியா வயலேசியா. ஹூகல் என்ற ஒஸ்திரியப் பிரபு 1830களில் அவுஸ்திரேலியாவில் செடிகளைச் சேகரித்தார். அவருடைய சகோதரியான ஹார்டன்பேர்க் சீமாட்டியின் பெயரை ஆங்கிலத் தாவரவியலார் ஜோர்ஜ் பெந்தம் 1837 இல் இக்கொடி இனத்துக்குச் சூட்டினார். ஐரோப்பியக் குடியேறிகள் இதனைப் 'பொய் நன்னாரி' என்னும் பொருள்படவும் அழைத்து வந்திருக்கிறார்கள். இலை நன்னாரி வகையொன்றின் இலையைப் போலத் தோன்றியதால், இதன் வேரை அவித்து மருந்துக் குடிநீராகப் பாவித்துப் பார்த்தார்களாம். அது நன்னாரியும் அல்ல, அதன் குணமும் இதற்கு இல்லை. பெயரை நம்பி வேரைக் கிண்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

குயீன்ஸ்லாந்து தொடங்கி நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா வழியாகத் தஸ்மேனியாத் தீவு வரையும், மேற்கே தென் அவுஸ்திரேலிய மாநிலத்திலும் இது தானாக வளர்கிறது. பற்றிக்கொள்ள மரமோ வேலியோ இருந்தால் சுற்றி ஏறும். இல்லாவிட்டால் நிலத்திலே படர்ந்து மண்ணை மூடும். பயற்றங்கொடியைப் போல மூவிலை இதற்கு இல்லை. காம்புக்கு ஒரே இலை, தடித்தது, நரம்புகள் வலைபோலப் புடைத்து நிற்கும். வேரூன்றிய பின்னர் வரட்சியை நன்றாகத் தாங்கும்.

பக்கத்து வீட்டுக்காரி இளைப்பாறிய ஓர் ஆசிரியை. அவுஸ்திரேலியாவில் பல உள்ளூராட்சிச் சபைகள் 'புஷ்கெயார்' என்ற பெயரில் தொண்டர் குழுக்களை வைத்திருக்கின்றன. வந்தேறிய களைகளைப் பிடுங்கி, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை மீண்டும் உண்டாக்குவது அக்குழுக்களின் வேலை. இந்த அம்மையாரும் அவ்வாறான ஒரு குழுவில் இருந்தவர். ஐயா கொடியை அடிக்கடி பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, முன்னைய கோடையில் தன் கொடியிலிருந்து எடுத்துக் கடதாசி உறையில் வைத்திருந்த விதைகளில் ஒரு கைப்பிடியைக் கொடுத்தார். சிறிய விதைகள். கறுப்பும் கபிலமுமாய், அவரை விதையின் வளைவோடு, நகத்தால் அழுத்தினால் கல்லுப்போல இருந்தன.

ஐயா தமக்குத் தெரிந்த முறையில் எல்லாம் சரியாகவே செய்தார். இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் இருபது விதை போட்டார். அங்கு அது வசந்த காலம், நாற்றுப் போட ஏற்ற நேரம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளித்தார். ஆறு கிழமையில் ஒரே ஒரு முளைதான் தலை காட்டியது. அதையும் நத்தை தின்றுவிட்டது. அப்போது சொன்னதுதான் நான் மேலே எழுதிய தீர்ப்பு.

மண்ணைக் கிளறிப் பார்த்தோம். மற்ற விதைகள் போட்டபடியே கிடந்தன. அழுகவில்லை, ஊறவில்லை, பூஞ்சணம் பிடிக்கவில்லை. ஆறு கிழமை ஈர மண்ணில் கிடந்த செத்த விதை அழுகாமல் இருக்குமா என்ற கேள்வி அப்போதே எங்களுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வேலிக்கு மேலால் அம்மையாரிடம் மகள் விசாரித்தாள். அவர் சிரித்துவிட்டு, சொல்ல மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து விதைக்கு மேல் ஊற்றுங்கள் என்றார்.

மகள் வந்து சொன்னதும் ஐயாவின் முகம் மாறியது. "கொதிதண்ணி ஊத்தினா விதை அவிஞ்சு போகுமெல்லோ? ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வளவுக்குள் போய்விட்டார். கமக்காரனுக்குரிய நியாயமான ஐயம் என்றே நான் நினைத்தேன். அவருடைய மனைவிதான் குசினிக்குள் வைத்து எனக்கு மற்றதைச் சொன்னார்.

2008 இல் அடம்பனை விட்டு வெளிக்கிட்டபோது, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களோடு இரண்டு மூடை விதைநெல்லும் ஏற்றப்பட்டது. ஆட்டக்காரி நெல். வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன், தருமபுரம், விசுவமடு என்று இடம் மாற மாறச் சாமான்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. கதவு நிலைகள் போயின, தையல் மெசின் போயிற்று, பிறகு உழவு இயந்திரமும் போயிற்று. ஒரு மூடை நெல்லை வழியில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். மற்றதை விசுவமடுவிலிருந்து தோளிலே கொண்டு நடந்தார். திரும்பிப் போனதும் முதல் விதைப்புக்கு இது போதும் என்று சொல்லிச் சொல்லி நடந்தாராம். 2009 ஏப்ரலில் மாத்தளனில் அந்த மூடையை அவிழ்த்துப் புழுக்கி, கல்லிலே குற்றிக் கஞ்சி வைத்தார்கள். தறப்பாளுக்குள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் அதில்தான் கஞ்சி. அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் நெல்லை உள்ளே கொட்டியவர் ஐயாதான். வேறு எவரையும் தொட விடவில்லை. "அதுக்குப் பிறகு இவர் விதை எண்டு ஒண்டும் கையில எடுக்கேல்லை, சுவாமி. இஞ்ச வந்துதான் இந்தப் பூக்கண்டுக் கொட்டையை எடுத்தவர்" என்றார் அந்த அம்மா.

உங்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் கதை சொல்லத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

மகள்தான் அன்று தண்ணீர் ஊற்றினாள். ஒரு தேநீர்க் கோப்பையில் மீதி விதைகளையும், மண்ணிலிருந்து பொறுக்கிக் கழுவிய விதைகளையும் போட்டு, கேத்தல் கொதித்து அடங்கியதும் விதை மூடி நாலு விரல் உயரத்துக்கு ஊற்றி, குசினி யன்னலில் வைத்தாள். ஐயா அந்தப் பக்கம் வரவில்லை. மறுநாள் காலை அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். விதைகளில் அரைவாசிக்கு மேல் இரண்டு மடங்காய் ஊதிப் போயிருந்தன. ஐயா விடியவே எழும்பி, கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவிந்த விதையின் மணம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இதில் அந்த மணம் இல்லை.

கொதிநீர் இந்த விதைக்கு ஏன் வேண்டும்?

அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதைத் தோல், நெருக்கமாக அடுக்கிய கட்டைகள் போன்ற ஒரு கலப்படையால் ஆனது. முற்றிக் காய்ந்ததும் அந்தப் படை நீர் புகாத கவசமாகிவிடுகிறது. உள்ளே முளை உயிரோடு இருக்கும், உணவும் இருக்கும், தண்ணீர் மாத்திரம் உள்ளே போகாது. விதை காயில் ஒட்டியிருந்த தழும்புக்குப் பக்கத்தில் சிறு புள்ளியளவில் ஓர் இடம் உண்டு. கவசத்தில் பலவீனமான இடம் அதுதான். கடும் சூடு பட்டதும் அந்த இடம் வெடித்துத் திறக்கிறது. அதன் வழியே நீர் உட்சென்று விதை ஊறுகிறது. ஆகவே கொதிநீரின் வேலை விதையை அவிப்பதல்ல, அந்த ஒரு சிறு வாசலைத் திறப்பது. தடித்த தோல் உள்ளிருக்கும் முளையைச் சூட்டிலிருந்து காக்கிறது. ஊற்றிய தண்ணீரும் கோப்பையில் பட்டு உடனே ஆறத் தொடங்கிவிடுகிறது. அடுப்பிலே வைத்துக் கொதிக்கவிட்டால் விதை நிச்சயமாகச் செத்துப்போகும்.

காட்டில் கேத்தல் இல்லை, நெருப்பு உண்டு. அவுஸ்திரேலியக் காடுகள் அடிக்கடி எரிபவை. காய் வெடித்துச் சிதறும் விதை மண்ணோடு கலக்கிறது. இவ்வகைச் செடிகள் பலவற்றின் விதைகளில் ஒட்டியிருக்கும் சிறு சதைத் துணுக்குக்காக எறும்புகள் அவற்றைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, துணுக்கைத் தின்றுவிட்டு விதையை நிலத்தடியில் விட்டுவிடுகின்றன. காடு எரியும்போது மேல்மண்ணில் கிடக்கும் விதை கருகும். மிக ஆழத்தில் கிடப்பதற்குச் சூடு எட்டாது. இடையிலே சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடப்பவற்றுக்குத்தான் அளவான சூடு கிடைக்கிறது. சிட்னிச் சுற்றாடலின் அவரைக் குடும்பச் செடிகளை ஆராய்ந்தவர்கள், 80 முதல் 100 பாகை வரையான சூடு சில நிமிடங்கள் பட்டால் பெரும்பாலான இனங்களின் விதைகள் நன்கு திறக்கின்றன என்றும், 120 பாகையளவில் செத்துவிடுகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். நெருப்புக்குப் பின் மழை வரும்போது வெறும் சாம்பல் நிலத்தில் நிழலும் போட்டியும் இல்லை. அந்த நேரத்தில் முளைப்பதே இவ்விதைகளுக்கு வாழ்வு.

இன்னொன்றும் உண்டு. எல்லா விதையும் ஒரே அளவு இறுக்கமாய் இருப்பதில்லை. ஒன்றிரண்டு வெறும் மழைக்கே முளைத்துவிடும். ஐயாவின் முதல் முளை அப்படி வந்ததுதான். சில ஒரு நெருப்புக்குத் திறக்கும். சில அதற்கும் திறவாமல் அடுத்ததற்குக் கிடக்கும். முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் கொட்டாத கமக்காரனுக்கு இது புதினமாய் இராது.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியர் ஏவாட் 1908 இல் விதைகளின் ஆயுளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் வைத்திருந்த பழைய விதைகளையெல்லாம் எடுத்து முளைக்கப் போட்டுப் பார்த்து, விதைகளை மூன்று வகையாக அவர் பிரித்தார். மூன்று வருடத்துக்கு மேல் உயிர் தரிக்காதவை, மூன்று முதல் பதினைந்து வருடம் வரை தரிப்பவை, பதினைந்து முதல் நூறு வருடமும் அதற்கு மேலும் தரிப்பவை. கடைசி வகையில் நீர் புகாத தோலுடைய அவரைக் குடும்ப விதைகளே முன்னணியில் நின்றன.

இனிச் செய்கை முறைக்கு வருவோம். ஊதிய விதைகளை அன்றைக்கே நட வேண்டும். மீண்டும் காயவிட்டால் வீண். பெருமணல் இரண்டு பங்கும் தென்னந்தும்புத் தூள் ஒரு பங்கும் கலந்த கலவையை மகள் தயார் செய்தாள். கடையில் வாங்கிய தும்புத்தூள் கட்டியின் உறையில் இலங்கையில் செய்யப்பட்டது என்று எழுதியிருந்ததை ஐயா எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் கூடாது. ஒடுங்கிய, நீளமான சிறு சட்டிகளில் சட்டிக்கு இரண்டு விதை. அவரை இனங்களின் வேரைக் குழப்பினால் கன்று சோரும் என்பதால், ஒரு தட்டில் எல்லாவற்றையும் போட்டுப் பிறகு பிடுங்கி நடுவதிலும் பார்க்க இது நல்லது. ஈரம் இருக்க வேண்டும், சொதசொதப்பு ஆகாது. முளைத்த கன்று அடித்தண்டில் கறுத்து விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஊதாத விதைகளுக்கு மறுபடியும் கொதிநீர் ஊற்றலாம். அல்லது தழும்பு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, எதிர்ப்பக்கத்துத் தோலை அரத்தாளில் உரசியோ நகவெட்டியால் மெல்லக் கிள்ளியோ உள்ளே வெள்ளை தெரியும்வரை திறந்துவிட்டால் போதும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை, பொறுமை வேண்டும். கிள்ளிய விதைக்குச் சூடு தேவையில்லை, பச்சைத் தண்ணீர் காணும்.

மூன்றாம் கிழமையில் முளைகள் வந்தன. நவம்பர் நடுப்பகுதிக்குள் பதினொரு கன்றுகள். நத்தைக்குப் பயந்து ஐயா சட்டிகளை வெட்டிய பிளாஸ்ரிக் போத்தல்களால் மூடிவைத்தார். நாலு இலை விட்டதும் சட்டிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கச் சொன்னார் அம்மையார். இழுத்துப் பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும். ஐயா ஒன்றையும் நறுக்க விடவில்லை. ஈரச் சாக்கில் சட்டியைக் கவிழ்த்து, மண் கட்டியோடு பிரித்து, இரண்டையும் நட்டார். கன்றுகள் சோர்ந்துதான் தெளிந்தன. அம்மையார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பசளை விடயத்தில் மாத்திரம் அவர் கண்டிப்பாய் இருந்தார். அவுஸ்திரேலிய மண் மிகப் பழைய மண், பொஸ்பரஸ் குறைந்தது. அம்மண்ணுக்குப் பழகிய செடிகளில் பலவற்றுக்கு வழமையான கலவைப் பசளையில் உள்ள பொஸ்பரஸ் நஞ்சாகிவிடும். எனவே சுதேச செடிகளுக்கென விற்கும் பொஸ்பரஸ் குறைந்த பசளையைக் கொஞ்சமாய், அதுவும் வேண்டுமானால் மட்டும். நைதரசனைக் கொடியே தேடிக்கொள்ளும். பயறு, கௌபியின் வேரில் நாம் காணும் முடிச்சுகள் இதன் வேரிலும் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குக் கட்டிக் கொடுக்கின்றன. கடைச் சட்டி மண்ணில் அந்தப் பற்றீரியா இல்லாமற் போகலாம் என்று சொல்லி, தன்னுடைய கொடியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வந்து எல்லாச் சட்டியிலும் தூவினார் அம்மையார். ஊரிலே புதுக் காணியில் முதன்முறை பயறு போடும்போது பழைய பயற்றங்காணி மண்ணைக் கொண்டுபோய்த் தூவுவதற்கும் இதே நியாயம்தான்.

காய் பறித்த நாட்களை என்னால் மறக்க முடியாது. நவம்பர் கடைசியில் வேலிக் கொடியின் காய்கள் கபில நிறமாகக் காயத் தொடங்கின. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமான தட்டையான காய்கள். வெயிலில் திடீரென முறுக்கி வெடித்து விதையை எறிந்துவிடுவதால், காய் பழுக்கும்போதே பழைய பெண்கள் காலுறையை வெட்டிக் கொத்தின்மேல் கட்டிவிட வேண்டும். அதைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் சிட்னி வானம் புகையால் மூடியிருந்தது. நகரத்துக்கு வடமேற்கே வொலமாய் தேசிய வனத்தில் ஒக்ரோபர் 26 இல் மின்னல் விழுந்து பற்றிய ஒரு தீ மட்டும் 5 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரித்தது. அந்தக் கோடையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எரிந்த நிலம் மொத்தமாக 50 இலட்சம் ஹெக்டேயருக்கும் அதிகம். நடுப்பகலில் சூரியன் செம்பு நாணயம்போல் நின்றது. சாம்பல் துணிக்கைகள் கறிவேப்பிலையில் படிந்தன. ஐயா வீட்டில் அந்நாட்களில் எவரும் அதிகம் பேசவில்லை. புகை மணம் அவர்களுக்கு வேறொன்று. யன்னல்களைப் பூட்டிவிட்டுச் செபமாலை சொன்னோம்.

அம்மையார் ஒரு நாள் வேறொன்று சொன்னார். புகை கிளம்பும் அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் டாருக், குண்டுங்குரா என்ற ஆதிக்குடிகள். சிறு சிறு துண்டுகளாக, ஏற்ற பருவத்தில், தணிந்த நெருப்பு வைத்துக் காட்டைப் பேணுவது அவுஸ்திரேலிய ஆதிக்குடிகள் பலரின் வழக்கம். 1788 இல் வெள்ளையர் வந்து குடியேறிய பின்னர் டாருக் மக்கள் தங்கள் நிலங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களோடு அந்த நெருப்பும் போயிற்று. நெருப்பு வைக்கத் தெரிந்தவர்களைக் கலைத்துவிட்டு நெருப்புக்குப் பயந்து இருக்கிறோம் என்றார் அவர். மகள் இதைத் தமிழில் சொன்னபோது ஐயா, "அந்தச் சனம் இப்ப எங்க இருக்குதுகள்?" என்று கேட்டார். இந்த ஊரிலும் இருக்கிறார்கள் என்றார் அம்மையார். இப்போது பல இடங்களில் அந்த மக்களின் நெருப்பு முறையை மீண்டும் கைக்கொள்ள முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

2020 பெப்ரவரியில் பெருமழை பெய்து தீ அணைந்தது. நான் அதற்கு முன்னமே திரும்பிவிட்டேன். பின்னர் மகள் அனுப்பிய படங்களில், கருகிய மரங்களின் அடியில் ஒற்றை இலைக் கன்றுகள் தரையோடு தரையாகப் பரவியிருந்தன. அம்மையாருடைய குழு எரிந்த ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனபோது எடுத்த படங்களாம்.

இதை வாசிக்கும் உங்களுக்கு இந்தக் கொடி வேண்டியதில்லை. குளிர்காலம் கண்டு பூக்கும் கொடி அது. நமது வெப்ப நிலத்துக்கென்று அதைத் தேடுவதில் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஆசைக்கு விதை கொண்டுவந்து தருவதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றி விதை கொண்டுவருவதைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு நல்ல காரணமும் உண்டு. 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கத்தில் உவர் நிலத்தைத் திருத்தவென நட்ட புரோசோப்பிஸ் என்ற முள்மரம் இன்று பூந்தலைத் தேசிய வனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் நீர் புகாத விதை நம்மிடமும் இருக்கிறது. வேலியில் படரும் நீலக் காக்கணவன், குன்றிமணி, ஆட்டுக்குக் குழை வெட்டும் இப்பில் இப்பில், அவுஸ்திரேலியாவிலிருந்தே இங்கு வந்து வனத் திணைக்களத் தோட்டங்களில் நிற்கும் அக்கேசியா, இவையெல்லாம் அந்தச் சாதிதான். மீள்குடியேறிய காணிகளுக்கு வேலி வைக்கவென்று இப்பில் இப்பில் விதை கொடுத்த இடங்களில், முளைக்கவில்லை, பழைய விதை தந்துவிட்டார்கள் என்ற முறைப்பாட்டை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். விதை பழையதல்ல, அதற்குச் சுடுநீர் காட்டப்படவில்லை. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய, 80 பாகையளவான நீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பின் பச்சைத் தண்ணீரில் இராமுழுதும் ஊறவைத்தால் முளைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பயறு, உளுந்து, கௌபி, போஞ்சி, பயற்றங்காய் விதைகளுக்கு ஒருபோதும் சுடுநீர் ஊற்றாதீர்கள். அவற்றின் தோல் மெல்லியது, அவிந்துவிடும். வேலிக்கு நடும் சீமைக்கிளுவை விதைக்கும் சூடு தேவையில்லை. எந்த விதையைப் பற்றியும் ஐயம் வந்தால் முதலில் பத்து விதையை எடுத்து ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊதி முளைத்தால் நல்லது. ஊதியும் முளைக்காமல் அழுகினால் அது செத்த விதை. ஊதாமல் கல்லாய்க் கிடந்தால் அவசரப்பட்டு எறிய வேண்டாம். பயறு அவிக்கும்போது எவ்வளவு நேரம் கொதித்தாலும் சட்டிக்குள் இரண்டொரு கல்லுப் பயறு பல்லில் படுவதுண்டல்லவா? அதுவும் இதே குணந்தான்.

ஐயாவின் பதினொரு கன்றுகளில் ஏழு பிழைத்தன. 2020 ஏப்ரலில், கோடை கழிந்து மண் ஆறிய பின், வேலியோரம் மூன்றை நட்டார். மற்றவற்றை அம்மையாரின் குழு வாங்கிக்கொண்டது. 2022 ஓகஸ்டில் முதற்பூ வந்தது. அதிலே ஒரு கொடி வெள்ளையாகப் பூத்ததாக மகள் எழுதியிருந்தாள். இந்த இனத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் இடைக்கிடை வரும். பூ முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால்தான் அடியிலிருந்து கிளைக்கும் என்று அம்மையார் சொல்ல, ஐயா இந்த முறை கேட்டு நடந்தார்.

2019 இல் இரண்டாம் முறையும் ஊதாமற்போன ஏழெட்டு விதைகளை மகள் குப்பையில் போடப் போனபோது, ஐயா அவற்றை வாங்கிக் கறிவேப்பிலைச் சட்டிக்குள் போட்டிருந்தார். 2021 மார்ச்சில், கடும் வெயிலுக்குப் பின் பெய்த ஒரு மழையில், அந்தச் சட்டிக்குள் இரண்டு முளை வந்தன. கறிவேப்பிலைக்குச் சத்துப் போய்விடும், பிடுங்கவா என்று மகள் கேட்டிருக்கிறாள். ஐயா ஒரு சணல் கயிற்றை எடுத்துவந்து கறிவேப்பிலைத் தண்டிலிருந்து வேலிக்கு இழுத்துக் கட்டினார்.